அப்பாவுக்கு வைத்த ஐசிடி: கருவிக்கு முழு மார்க், சேவைக்குப் பாதிதான்

பேஸ்மேக்கர் எல்லாருக்கும் தெரியும். ஐசிடி என்று சொன்னால் "அதுவும் பேஸ்மேக்கர்தானே" என்பார்கள். பேஸ்மேக்கர் துடிப்பு குறைந்தால் தூண்டிவிடும், அவ்வளவுதான். ஐசிடி அதையும் செய்யும், அதோடு இதயத்தின் கீழறை தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் தானே கண்டுபிடித்து, யாரையும் கேட்காமல் உள்ளிருந்தே ஷாக் கொடுத்து நிறுத்தும். 1980-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் ஆளுக்கு வைத்தபோது வயிற்றில்தான் புதைத்தார்கள், கருவி அவ்வளவு பெரிசு. இப்போது அப்பாவின் இடது காறை எலும்புக்குக் கீழே, லாட்ஜில் கொடுக்கும் சோப்பு அளவுக்கு ஒரு மேடு தெரிகிறது, சட்டை போட்டால் அதுவும் தெரியாது.

அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்து, மாத்திரைகளை ஒழுங்காகப் போட்ட பிறகும் எக்கோ ஸ்கேனில் இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு) 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. 35-ஐத் தாண்டாதவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து அதிகம் என்று டாக்டர் சொன்னார், வைத்துவிட்டோம். செலவு லட்சக்கணக்கில்.

இது எவ்வளவு நல்ல கருவி என்று எனக்குப் புரிந்தது ரிவ்யூவுக்குப் போன அன்றைக்கு. டெக்னீஷியன் மார்பின் மேல் ஒரு ரீடரை வைத்து உள்ளே பதிவானதை இறக்கினார், நீளமாக ஒரு பேப்பர் வந்தது. ஒரு இடத்தில் துடிப்பு 190-க்கு ஏறி, கோடு அகலமாகி நெருக்கமாக ஓடுகிறது, அப்புறம் சரியான இடைவெளியில் 8 சின்னக் குத்துகள், அதற்கடுத்த துடிப்பிலிருந்து எல்லாம் பழையபடி. அதாவது ஷாக் வரை போகவே இல்லை, ஓடுகிற வேகத்தைவிடக் கொஞ்சம் வேகமாகத் தட்டியே அடக்கிவிட்டது. இதில் வலி கிடையாது. அப்பாவைக் கேட்டால், "ஒருநாள் டீ குடிக்கும்போது லேசா கிறுகிறுன்னு வந்துச்சு, பித்தம்னு நினைச்சேன்" என்கிறார்!

சரி, பாராட்டு முடிந்தது. கருவியோடு கட்டில் பக்கத்தில் வைக்க ஒரு பெட்டி கொடுத்தார்கள். ராத்திரி தூங்கும்போது ஐசிடியிலிருந்து விவரத்தை வாங்கி, உள்ளே இருக்கும் சிம் வழியாக மருத்துவமனைக்கு அனுப்புமாம். எங்கள் வீட்டு உள்ரூமில் டவரே எடுக்காது, அதனால் வாரக்கணக்கில் ஒன்றுமே போகவில்லை. பெட்டி கொடுத்தபோது டவர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, போகாமல் இருந்தபோதும் மருத்துவமனையிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ ஒரு போன் கிடையாது. ரிவ்யூவில்தான், "ஏன் சார், மெஷின் கனெக்ட் ஆகவே இல்லையே?" என்று நம்மையே கேட்கிறார்கள். அந்த 190 விஷயம் எங்களுக்குத் தெரிய வந்ததும் அன்றைக்குத்தான். இரண்டு தரப்பின் பெயரையும் போடவில்லை, மற்ற இடங்களிலும் இதே கதைதான் என்று கேள்விப்படுகிறேன்.

ஆகவே வாங்கும் முன் பிராண்டைப் பற்றி ரொம்ப மண்டையை உடைக்காதீர்கள், அனுப்பும் தகவலை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், வராவிட்டால் யார் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெட்டி ஆம்புலன்ஸையும் கூப்பிடாது, பல வீடுகளில் அது கூப்பிடும் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, இதயத்துக்குள் போகும் லீட் ஒயரைத் தன்னால் தினமும் சோதித்துக்கொள்ளும் வசதி உண்டா என்றும் பாருங்கள். மெட்ரானிக் கம்பெனியின் ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ் லீட் உடைந்து, தேவையே இல்லாமல் ஷாக் அடித்ததால் 2007-ல் விற்பனையையே நிறுத்தினார்கள். துடிப்பு ஒழுங்காக இருந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சில் உதை விழுவதை நினைத்துப் பாருங்கள். பேட்டரி 7 முதல் 10 வருடம் வரும், தீர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, மறுபடி கீறி உள்ளே இருக்கும் ஐசிடியையே மாற்ற வேண்டும், லீட் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் தினசரி சண்டை செல்போனுக்குத்தான். அப்பா காலமெல்லாம் இடது சட்டைப் பையில் போன் வைத்தவர். காந்தம் பக்கத்தில் வந்தால் ஐசிடி ஷாக் கொடுப்பதை நிறுத்திவைக்கும், ஐபோன் 12-லிருந்து போனுக்குள்ளேயே காந்தம் வருகிறது, 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். கடைசியில் அம்மா அவருடைய சட்டைகளில் இடது பையை எல்லாம் பிரித்துவிட்டார்.

கருவிக்கு 5-க்கு 5. சேவைக்கு 2, அதுவும் ரிவ்யூவில் பேப்பரைப் பொறுமையாக விளக்கிய அந்த டெக்னீஷியனுக்காக.