ஜன்னல் கண்ணாடி: பேப்பரா, ஸ்ப்ரேயா, வைப்பரா?

சோமனூர், பல்லடம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ஜன்னல் துடைப்பது வருஷத்தில் இரண்டு தரம் வரும் பெரிய வேலை. ஆடிக்காற்று ஓய்ந்ததும் ஒன்று, தைப்பொங்கலுக்குக் காப்புக் கட்டும் முன்னால் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று மேற்குப் பார்த்த ஜன்னலில் மண்ணை அப்பிவிட்டுப் போகும். மீதிக் காலத்துக்குத் தறியும் மில்லும் கொடுக்கிற பஞ்சுத் தூசு இருக்கவே இருக்கிறது. மரச்சட்டத்தை எடுத்துவிட்டு வெள்ளை யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஸ்லைடிங் போட்ட பிறகு, எதை வைத்துத் துடைப்பது என்பது எங்கள் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. பலதையும் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது ரப்பர் பட்டை வைத்த கிளாஸ் வைப்பரில் வந்து நிற்கிறேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் பேப்பர். செய்தித்தாளைக் கசக்கி ஈரக் கண்ணாடியில் தேய்த்து, அப்புறம் காய்ந்த தாளால் ஒரு தரம். செலவு கிடையாது, ஈரத்தை நன்றாக உறிஞ்சும், துணிப் பிசிறும் ஒட்டாது. மரச்சட்டத்துக்கு இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டத்தில்தான் அச்சு மை ஏறி ஓரமெல்லாம் சாம்பல் கோடு விழுகிறது. அதைத் துடைக்கத் தனியாக உட்கார வேண்டும்.

அடுத்தது ஸ்ப்ரே. எந்தக் கம்பெனி பாட்டில் வாங்கினாலும் ஊரில் அதற்குக் காலின் என்றுதான் பெயர். ஷோகேஸ், பீரோக் கண்ணாடி, கைரேகை இதற்கெல்லாம் அதுதான் சரி. மண் அப்பிய ஜன்னலில் அடித்தால் சேறாகி இழுபடும். மண்ணோடு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடியில் கீறலும் விழும்.

இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். நான் வைப்பர் பக்கம் சாய்ந்ததற்கு உண்மையான காரணம் உப்புத் தண்ணி.

போர் தண்ணியில் கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசியம் உப்புகள், தண்ணீர் ஆவியானதும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. நம் வீட்டுப் போர் எந்தக் கணக்கில் வரும் என்பது குளியலறை வாளியின் விளிம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தத் தண்ணியை ஓஸ் பைப்பில் ஜன்னலுக்குப் பீய்ச்சி, தானாகக் காயட்டும் என்று விட்டால் மத்தியானத்துக்குள் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. அடுத்த தரம் கழுவும்போது அதன்மேல் இன்னொரு படலம். புதுப் படிவம் வினிகருக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் கரையும். நாள்பட்டு, தண்ணியில் உள்ள சிலிக்காவும் சேர்ந்து இறுகிவிட்டால் கரையாது. பாலிஷ் போட ஆள் தேட வேண்டியதுதான். வினிகர் விடுவதிலும் ஒரு எச்சரிக்கை: ஜன்னல் அடியில் கடப்பாக் கல் பதித்திருந்தால் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, புளிப்புப் பட்ட இடம் அரித்து வெளுத்துப் போகும்.

ஆக, எந்தச் சோப்பு, எந்தத் துணி என்பதைவிட, தண்ணீர் காய்வதற்குள் அதைக் கண்ணாடியை விட்டு இறக்குகிறோமா என்பதுதான் கேள்வி. அந்த வேலையை ஒரே இழுப்பில் முடிப்பது ரப்பர் பட்டை. இத்தாலியிலிருந்து அமெரிக்கா போய்க் கண்ணாடி துடைத்துப் பிழைத்த எத்தோரே ஸ்டெக்கோனே என்பவர் 1930-களில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குக் கடையில் தொங்குகிறவையும் ஏறக்குறைய அதே வடிவம்தான்.

செய்முறையில் பெரிய வித்தை இல்லை. அரை வாளித் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் ஜெல் ஒரு சொட்டு போதும். நுரை அதிகமானால் கோடு விழும். ஸ்பாஞ்சால் அழுக்கை இளக்கிவிட்டு, கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குக் காய்ந்த துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பட்டையை வைத்து நேர் கீழே இழுத்தால் மேலிருந்து ஒழுகாது. ஒவ்வொரு இழுப்புக்கும் பட்டையைத் துணியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் அடுத்த இழுப்பில் ஓரமாக ஒரு நீர்க்கோடு நிற்கும், அது காய்ந்து வெள்ளைக் கோடாகும். வெயில் படாத நேரம் முக்கியம்: மேற்கு ஜன்னலைக் காலையில், கிழக்கு ஜன்னலைச் சாயங்காலம்.

கடைசி அலசலுக்கு மட்டும் உப்பில்லாத தண்ணீர் கிடைத்தால் நல்லது. குடத்து நல்ல தண்ணியில் கை வைத்தால் எங்கள் அம்மா, "ஏஞ்சாமி, குடிக்கற தண்ணியக் கொண்டுபோயி கண்ணாடிக்கு ஊத்தறே?" என்று ஆரம்பித்துவிடுவார். ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து வையுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு கிடையாது. ஆர்ஓ கழிவுத் தண்ணி வீணாகிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

எந்த முறையானாலும் கொசுவலைதான் முதல் வேலை. பஞ்சுத் தூசு வலையில் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். ஈரக்கை பட்டால் திரிதிரியாக உருண்டு கண்ணுக்குக் கண் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஊசி எடுக்க வேண்டியதுதான். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதே பிரஷ்ஷைக் கீழ் டிராக்கிலும் ஓட்டிவிடலாம். டிராக்கில் மழைநீர் வடிய ஓட்டை இருக்கும், அது அடைபட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒட்டி ஓடுகிற காந்தத் துடைப்பானைச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு தரம் பிடித்துப் பார்த்ததோடு சரி. கண்ணாடிக் கனத்துக்கு ஏற்ற காந்தமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. தானாக ஓடிக் கண்ணாடி துடைக்கும் ரோபோவைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. கிரில் கண்ணாடியை ஒட்டியே இருக்கிற நம் ஊர் ஜன்னலில் இரண்டுக்குமே ஓட இடம் வேண்டுமே என்பதுதான் என் சந்தேகம்.

வைப்பருக்கும் பராமரிப்பு உண்டு. பட்டையில் சின்ன வெட்டு விழுந்தாலும் இழுக்கிற இழுப்பில் எல்லாம் கோடு வரும். பட்டையைக் கழற்றித் திருப்பிப் போடுகிற மாதிரி வாங்கினால் மறுவிளிம்பும் உழைக்கும். வெயிலில் போட்டால் ரப்பர் விறைத்துப் போகும், கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள்.

படுக்கைக் கம்பி கிரில் என்றால் ஆறு இஞ்ச் வைப்பரைக் கம்பிக்கு நடுவே நுழைத்து ஓட்டிவிடலாம். பூவும் கொடியும் வளைத்த அலங்கார கிரில் வீட்டுக்காரர்கள் இதை வாங்கவே வேண்டாம், கை அளவுக்கு மேல் எதுவும் உள்ளே போகாது. இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கி, ஒன்றை நனைத்துத் துடைத்த கையோடு மற்றதால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். அந்தத் துணியைத் துவைக்கும்போது வாசனை கண்டிஷனர் மட்டும் சேர்க்காதீர்கள், அப்புறம் அது தண்ணீரை உறிஞ்சாது.