ஆலைச் செய்திமடல்: அச்சா, மின்னஞ்சலா, வாட்ஸ்அப்பா?

500 பேர் வேலை பார்க்கும் ஒரு திருப்பூர் பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மெர்ச்சண்டைசிங் (ஆர்டர்களைக் கவனிக்கும் பிரிவு), கணக்கு, ஹெச்.ஆர். ஆட்களுக்குத்தான் கம்பெனி மெயில் ஐடி இருக்கும். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கும் செக்கிங் மேசையில் நிற்பவருக்கும் அது கிடையாது. அதனால் இந்த மாதிரி இடத்தில் ஊழியர்களுக்கான மாதச் செய்திமடலுக்கு எங்கள் தேர்வு அச்சுதான். ஒரே ஒரு ஏ3 தாள். நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம்.

மின்னஞ்சலுக்குச் செலவு குறைவு, உடனே போய்ச் சேரும். ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. மடலின் எச்டிஎம்எல் (எழுத்தும் வடிவமைப்பும் அடங்கிய குறிமுறை) 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்றால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கொ’ என்ற ஓரெழுத்துக்கே 6. ஆகவே தமிழ் மடல் சீக்கிரமே வரம்பைத் தொடும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையையும் நம்ப முடியாது. மடலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021 முதல் ஆப்பிள் மெயில் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், படிக்காதவரும் படித்த கணக்கில் வந்துவிடுகிறார்.

வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். அவர்களும் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும். ஏ4 பக்கத்தை 7 செ.மீ. அகலத் திரையில் பார்த்தால் 10 பாயின்ட் எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்த வழிதான் என்றால் ஏ6 அளவில் ஒற்றைப் பத்தியாக வடிவமையுங்கள்.

அச்சுக்குச் சாய்வதற்கு முக்கியக் காரணம் பராமரிப்பு. செய்திமடல்கள் பெரும்பாலும் விஷயம் சேகரிக்க ஆளில்லாமல்தான் நின்றுபோகின்றன. மெயிலை நாளைக்கு அனுப்பலாம், அடுத்த வாரமும் அனுப்பலாம். அச்சகத்தில் தேதி கொடுத்துவிட்டால் தள்ள முடியாது. பக்கமும் நான்குதான் என்பதால் எவ்வளவு எழுத வேண்டும் என்பது முன்பே தெரியும். 5-ஆம் தேதிக்குள் தலைப்புகள், 12-க்குள் எழுத்தும் படமும், 16-இல் லேஅவுட், 18-இல் புரூஃப் (பிழை பார்க்கும் பிரதி), 20-இல் அச்சுக்கு. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஒவ்வொன்றிலும் ஒருவர் மாதம் ஒரு செய்தி தந்தால் போதும்.

எதைத் தருவது? ‘குத்துவிளக்கேற்றிச் சிறப்பித்தார்’ என்பதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டிய பிறகே புது ஊசி தருகிறார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதையும் ஏன் மெட்டல் டிடெக்டரில் ஓட்டுகிறார்கள் என்று ஆறு வரியில், அந்த லைன் ஆட்களின் படத்தோடு போடுங்கள். அதைப் படிப்பார்கள்.

தவறு நடக்கும் இடம் எழுத்துரு. நீங்கள் யூனிகோடில் தருவதை, பக்கம் அமைக்கும் டிடிபி ஆள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’ உடையும், கொம்பும் காலும் இடம் மாறும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடிலேயே செய்வதானால் அதிலுள்ள வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எப்படியானாலும் புரூஃபைத் தாளில் எடுத்தே படியுங்கள். வேர்டு கோப்பில் சரியாக இருந்ததற்கு அர்த்தமே இல்லை. பெயர்களை உரியவரிடமே காட்டிச் சரிபாருங்கள். தன் பெயர் தப்பாக வந்த இதழை ஒருவர் மன்னிப்பது கடினம்.

படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கும். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 13.5 செ.மீ.தான், முழுப்பக்கப் படத்துக்குப் போதாது.

பிரதிகள் 200-க்குக் கீழே என்றால் ஆஃப்செட் பிளேட் (அச்சுத் தகடு) செலவு கட்டாது. டிஜிட்டல் அச்சு போதும். பல ஊர்களில் கிளைகள் உள்ள கம்பெனிக்கு அச்சே மேல் என்ற இந்தக் கணக்கு அவ்வளவு உறுதியாகப் பொருந்தாது, அனுப்பும் செலவும் தாமதமும் சேரும். அங்கே வாட்ஸ்அப் முந்தக்கூடும். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் கணிசமாக இருந்தால் நான்காம் பக்கத்தில் பாதியை ஒடியாவுக்கும் இந்திக்கும் கொடுங்கள். அதை எழுத அவர்களிலேயே ஒருவரைக் கேளுங்கள்.