மெலோடைன்: கை வைக்கலாம், எங்கே நிறுத்துவது?

கோவை, ஈரோடு பக்கத்து ஸ்டுடியோக்களில் சுருதி விலகிப் பாடினால் வரும் பதில் இது: "மெலோடைன்ல சரி பண்ணிக்கலாங்க." பதிந்த குரலின் சுருதியைத் திருத்தும், செலமோனி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மென்பொருள். சரி பண்ணும்தான். எதை, எவ்வளவு என்பதில்தான் வம்பு.

பாடியது ஸ்வரத்துக்கு ஒரு குமிழாகத் திரையில் விழும். குமிழுக்குள் ஓடும் மெல்லிய கோடு, குரல் நிஜமாகப் போன தடம். சறுக்கிய குமிழை மட்டும் பிடித்து நகர்த்தினால் உள்ளிருக்கும் அசைவு கெடாது. இதற்காகவே காசு கொடுக்கலாம். ஆனால் மொத்தப் பாட்டையும் தேர்ந்து தானியங்கித் திருத்தத்தை முழுக்க ஏற்றினால், எல்லாம் கீபோர்டுச் சுருதிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் (மேல் 'க') ஷட்ஜத்திலிருந்து ('ச') 386 சென்ட், கீபோர்டில் 400; அடுத்தடுத்த இரு கீபோர்டுக் கட்டைகளின் இடைவெளிதான் 100 சென்ட். அந்த 14 சென்ட் ஏறினால் தம்புராவோடு உரசும். சரியாகப் பாடியவரைத் தப்பாக்கும் திருத்தம்!

தோடி ராகத்தின் காந்தாரத்தில் இன்னும் கஷ்டம். ஒரே கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை, பல குமிழாக வெட்டிவிடும். பிரிகோடுகளை இரட்டைச் சொடுக்கில் நீக்கி ஒன்றாக்குங்கள். பிறகு ஆல்ட் விசையை அழுத்தியபடி சென்ட் கணக்கில் நகர்த்துங்கள். அலைவைக் குறைக்கும் பிட்ச் மாடுலேஷனைத் தொடவே வேண்டாம். நீண்ட கார்வை (இழுத்து நிற்கும் ஸ்வரம்) கடைசியில் இறங்கினால், மெதுவாக விலகுவதைச் சரிசெய்யும் பிட்ச் டிரிஃப்ட் கருவி போதும். விலை குறைந்த எசென்ஷியல் பதிப்பில் இது கிடையாது, அசிஸ்டென்ட் பதிப்பு வாங்க வேண்டும். ரிவர்ப் (எதிரொலி) சேர்க்காத தனிக்குரல் டிராக்கில்தான் வேலை செய்யணும். குரல் மைக்கில் உடுக்கை கசிந்திருந்தால் அதையும் சேர்த்து இழுக்கும்.

பலர் சேர்ந்து பாடி ஆடும் வள்ளிக்கும்மியை ஒரே மைக்கில் பதிந்திருந்தால் இது உதவாது. எடிட்டர் பதிப்பின் டிஎன்ஏ (டைரக்ட் நோட் ஆக்சஸ்) வசதி, ஒன்றாக ஒலிக்கும் வெவ்வேறு ஸ்வரங்களைப் பிரிக்கும்; ஒரே ஸ்வரத்தில் பாடும் பத்துப் பெண்களைப் பிரிக்காது. பிரித்தாலும் எதற்கு? ஆளுக்கு ஆள் இம்மி விலகுவதால்தானே கும்மிக்கு அந்தக் கனம் வருகிறது. கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையில் ஆவேசம் ஏற ஏறச் சுருதியும் ஏறினால், அதுவும் பாட்டில் சேர்ந்ததுதான். விட்டுவிடுங்கள்.

பக்திப் பாடல் ஆல்பத்தில், நல்ல டேக்கில் (ஒரு முறை பாடிப் பதிந்ததில்) சறுக்கிய ஒரு ஸ்வரத்தைத் திருத்துவது குற்றமில்லை. டேப் காலத்திலும் வெட்டி ஒட்டினார்கள். போட்டிக்கு அனுப்பும் பதிவிலும், 'நேரடிக் கச்சேரி' என்று போடும் பதிவிலும் செய்தால் மோசடி. நாட்டுப்புறப் பாட்டை ஆவணமாகச் சேமிக்கும்போது சுருதியைத் தொடவே கூடாது.

ஸ்டுடியோவில் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்க: திருத்தாத மூல வேவ் கோப்பு, எந்தெந்த இடத்தில் கை வைத்தார்கள் என்ற குறிப்பு. பாடியவருக்கு மூலத்தையும் திருத்தியதையும் போட்டுக் காட்டி, அவர் சம்மதித்ததை மட்டும் வெளியிடுங்க. சொந்தமாக வாங்க நினைப்பவர்களுக்கு 30 நாள் இலவச சோதனை உண்டு; முதலில் கமகம் நிறைந்த பாட்டை ஏற்றிப் பாருங்க.