டென்னிஸ் எல்போ: ஊசியா, பயிற்சியா, பொறுமையா?

ஈரத்துணியைப் பிழியும்போதும் திருப்புளியைத் திருகும்போதும் முழங்கையின் வெளிப்பக்கம் சுள்ளென்று வலிக்கிறதா? டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, பெரும்பாலும் 35 முதல் 55 வயதுக்குள். மூட்டுக்குள் கோளாறு எதுவும் இல்லை. மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் எலும்பில் வந்து சேருமிடத்தில் தசைநாண் நைந்திருக்கிறது.

பலரும் முதலில் கேட்பது ஸ்டீராய்டு ஊசியைத்தான். சில நாட்களிலேயே வலி அடங்கும் என்பது உண்மைதான். 2002-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு, 185 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிசியோதெரபியில் 47, சும்மா பொறுத்திருந்தவர்களில் 32. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ்: ஊசி 69, பிசியோதெரபி 91, பொறுமை 83. 2013-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்விலும் ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். இதை ஊசி போடும் முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால், ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதையும் சேர்த்துத்தான்.

தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஆறு வார நிம்மதி சாதாரண விஷயமில்லை, ஊசி கேட்பதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் வலி போனதுமே பழைய சுமையைத் தூக்கினால் நைந்த நாண் தாங்காது.

என் தேர்வு பயிற்சிதான். முன்னங்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மறு கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, மெதுவாக இறக்குங்கள். லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் நீடித்தால் எடையைக் குறையுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சரிசெய்தால் நல்லது. அடிக்கடி போய்வர வசதியில்லையா? கவலை வேண்டாம், ஒரு வருட முடிவில் பிசியோதெரபிக்கும் பொறுமைக்கும் பெரிய வித்தியாசமில்லை. பொறுமை என்றால் கையை அசைக்காமல் வைப்பதல்ல. பையைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும், பிழியும் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

விரல் மரத்துப்போவது, மூட்டு வீங்கிச் சூடாவது, காய்ச்சல், பல மூட்டுகளில் காலை நேர இறுக்கம் இருந்தால் இந்த மூன்றில் எதையும் தொடங்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.