சொந்தச் செயற்கைக்கோளா, இரவல் படமா?

வயல் வெள்ளத்தை வானிலிருந்து பார்க்க ஒரு நாடு சொந்தச் செயற்கைக்கோள் ஏவ வேண்டுமா, பிறர் படத்தை இரவல் வாங்கினால் போதுமா? நம் ஊரையே பாருங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சை, நாகை வானம் மூடியே கிடக்கும். கேமரா செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேகம்தான். அதனால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் வேண்டும்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் எடுக்கும் ரேடார் படம் இலவசம். ஆனால் ஒரு கோள் அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள். அதற்குள் சம்பா வயலில் நின்ற வெள்ளம் வடிந்துவிட்டால் படத்தில் தடயமே இருக்காது. ஜோடியாகச் சுற்றிய இரண்டு கோள்களில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதானபோது இரவல் வாங்குபவர் என்ன செய்ய முடியும்?

சொந்தக் கோள் செலவு பிடிக்கும். ஆனால் எங்கே பார்ப்பது என்பது நம் கையில். இந்தியா 2022-இல் ஏவிய ரேடார் கோள் இஓஎஸ்-04 அந்த ரகம்.

எதுவானாலும் ரேடார் ஒரு இடத்தில் ஏமாற்றும்: வெறும் நீர் கருப்பாகத் தெரியும், வளர்ந்த பயிரின் தூருக்கடியில் நிற்கும் நீரோ வெளுப்பாகிவிடும். அங்கே வரப்பில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். சின்ன நாடுகள் முதலில் இலவசப் படத்தைப் படிக்க ஆள் பழக்கட்டும், ராக்கெட் பிறகு.