வடசென்னைக்குத் தண்ணீர்: குழாயா, கேனா, மொட்டைமாடியா?

குழாயை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு தண்ணீருக்குச் சொந்தமாக வழி செய்துகொள்ள வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். வடசென்னைக்காரர்களுக்கு இது புதுச் சேதி இல்லை. வாசலில் அடிபம்பு, தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, அதை நிரப்ப லாரி, குடிக்க கேன், துணி துவைக்க போர் தண்ணீர் என்று நாலைந்து இடத்தில் பிடித்துத்தான் இங்கே பல குடும்பங்கள் ஓடுகின்றன. குடம் சுமப்பது பெரும்பாலும் பெண்கள். ஆகவே, இவற்றில் எதற்குக் காசும் உழைப்பும் போடலாம், எதை விட்டொழிக்கலாம் என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

முதலில் குழாய். தண்ணீரின் அளவைப் பார்த்தால் வடசென்னை அவ்வளவு மோசமில்லை. புழல் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, அதாவது மீஞ்சூர் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறன் கொண்டது. 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த காலத்திலும் கடல் வற்றிவிடவில்லை.

கோளாறு, தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை மாதிரியான இடங்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே சந்துக்குள் அருகருகே போகின்றன. தண்ணீர் விடுவதோ சில மணி நேரம். விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே வெளியில் தேங்கிய கழிவு உள்ளே இறங்கிவிடும். அழுத்தம் பத்தவில்லை என்று ஆளாளுக்கு மோட்டார் போட்டு உறிஞ்சினால், தண்ணீரோடு அதையும் சேர்த்து இழுக்கும். முதல் சில குடம் நாற்றமடிக்கிறது என்று கீழே ஊற்றுவது இதனால்தான். கடல்நீரை ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. அவ்வளவு செலவழித்து எடுத்ததைச் சாக்கடையோடு கலக்கவிட்டு, மேலும் ஆலை கட்டிக்கொண்டே போவதில் என்ன பயன்? தெருக்குழாயை மாற்றுவதற்கு யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை, அதுதான் சங்கடம்.

இந்தக் குழாய்க்கு மக்கள் கண்டுபிடித்த மாற்று, கேன். 20 லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் ஆயிரம் லிட்டர் 1,750 ரூபாய். வசதி குறைந்தவர்கள் நகரத்திலேயே விலை கூடிய தண்ணீரைக் குடிக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் புறநகரில் யாரோ ஒருவர் நிலத்தடியிலிருந்து உறிஞ்சியதுதான். வீட்டிலேயே ஆர்.ஓ. மாட்டலாமே என்றால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிற கருவி அது. குடம் எண்ணிப் பிடிக்கிற தெருவுக்கு அது லாயக்கில்லை. லாரி அவசரத்துக்கு ஆகும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது மழைநீர் சேகரிப்பு. 2003இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். அதன்பிறகு சென்னையில் மழைநீர் சேகரிப்பு என்றால் குழி தோண்டி, ஜல்லி போட்டு, மண்ணுக்குள் இறக்குவது என்றாகிவிட்டது. பெசன்ட் நகர் மாதிரி மணற்பாங்கான பகுதிக்கு அது நல்ல வழி. வடக்கே நிலத்தடி கெட்டுக் கிடக்கிறது. மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. கொடுங்கையூரில் குப்பைமேட்டின் கசிவு. தண்டையார்பேட்டையில் 2013இல் எண்ணெய்க் குழாய்க் கசிவால் நிலத்தடி நீரில் பெட்ரோலிய வாடை. தொழிற்சாலைகள் நிறைந்த மணலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல மழைத் தண்ணீரை இந்த மண்ணில் இறக்கிவிட்டு, போர் போட்டு எடுத்துக் குடிக்க முடியாது. குழியை மூடச் சொல்லவில்லை. தெருவில் தேங்கும் தண்ணீர் வடியவும் உப்பு மேலும் ஏறாமல் தடுக்கவும் அது உதவும். ஆனால் குடிநீர்க் கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது.

மண்ணுக்கு அனுப்பாமல் தொட்டியில் பிடித்தால் கதை வேறு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 500 சதுர அடி மொட்டைமாடியில், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், 52,000 லிட்டர் கிடைக்கும். நாலு பேர் வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் என்று எல்லாத் தேவைக்கும் செலவழித்தால் 96 நாளில் தீர்ந்துவிடும். அத்தனையையும் சேமிக்க இடமும் கிடையாது. பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்த்துவிடும். பதினாறு வீடு ஒரு 2,000 சதுர அடி கூரையைப் பங்கு போட்டால் 24 நாள்தான். குளிக்க, துவைக்க மழைநீர், குடிக்க கேன் என்று வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை இங்கேதான் இடறுகிறது.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். 5,000 லிட்டர் தொட்டி என்பது 250 கேன். நாளுக்கு ஒரு கேன் வாங்கும் வீட்டுக்கு, குடிக்கவும் சமைக்கவும் எட்டு மாதம் தாங்கும். 8,750 ரூபாய் மிச்சம். வெளிச்சம் புகாத தொட்டி, கொசுவலை, முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு, குடிக்குமுன் கொதிக்க வைப்பது, இவ்வளவு போதும். தொட்டி நிரம்பினால் ஐந்து டன், பழைய மாடியில் ஏற்றக்கூடாது. தரையில்தான் வைக்க வேண்டும். அதற்கு இடமில்லாத வீடுகளே இங்கு அதிகம், வாடகைக்காரர்களும் அதிகம். அதனால் பள்ளி, சமுதாயக்கூடம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் போன்ற பெரிய கூரைகளில் பிடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதே நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்துக்கு மட்டும் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் மாடியில் படிகிற ஊரில் ஒரு வால்வை நம்ப முடியாது. பரிசோதிக்காமல் குடிக்க வேண்டாம்.

குழாய்க்கும் வீட்டுத் தொட்டிக்கும் நடுவே இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கிறது. கொடுங்கையூரில் 2019 முதல் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை, வழக்கமானதைவிட ஒரு படி கூடுதலாக, மூன்றாம் நிலை வரை சுத்தம் செய்து மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திறனில் ஓர் ஆலை இருக்கிறது. அந்த அளவுக்கு ஏரித் தண்ணீரைத் தொழிற்சாலைக்குக் கொடுக்காமல் மக்களுக்கு விடலாம். நான் பார்த்தவரை எல்லா மாற்றுகளிலும் அதிகத் தண்ணீரை மிச்சப்படுத்துவது இதுதான். ஒரு பெண்ணும் கூடுதலாக ஒரு குடம் தூக்க வேண்டியதில்லை.

கூரைத் தொட்டியில் கடைசியாக ஒரு சிக்கல். யார் கழுவுவது? அரசு வாரியம் கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில் பொதுத் தொட்டிக்கு யாரும் பொறுப்பில்லை என்பதால்தான் பாசி பிடிக்கிறது. தொட்டி வைக்கும் திட்டத்திலேயே, புரட்டாசிக்குள் கூரையையும் தொட்டியையும் கழுவ ஒரு ஆளும் அவருக்கு மாதச் சம்பளமும் இருக்க வேண்டும். அது இல்லாத திட்டத்தைவிட கேனே மேல்.