சிவப்புக் காரில் தண்ணீர்க் கறை: குன்னூரில் சில வருஷ அனுபவம்

என்னுடையது 2018 மாடல் சிவப்பு ஸ்விஃப்ட். வாங்கிய நாளிலிருந்து குன்னூரில்தான் ஓடுகிறது, பெரும்பாலும் வெட்டவெளியில்தான் நிற்கிறது. இத்தனை வருஷத்தில் வாக்ஸ், சீலன்ட், செராமிக் கோட்டிங் மூன்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. தண்ணீர்க் கறை விஷயத்தில் இவை எல்லாவற்றையும் விட அதிகம் உழைத்தது ஒரு நல்ல மைக்ரோஃபைபர் துண்டுதான். மற்றவை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மலைத் தண்ணீர் சுத்தமானதுதானே, கறை எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். மழையிலும் மூடுபனியிலும் உப்பு மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் அது விழும் இடத்தில் ஏற்கெனவே சாலைப் புழுதி, டீசல் புகை, தேயிலை ஃபேக்டரியில் விறகு எரித்த சாம்பல் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. துளி அவற்றைக் கரைத்துக்கொள்கிறது. காலையில் மூடுபனி விலகி வெயில் சுள்ளென்று அடித்ததும் தண்ணீர் ஆவியாகிவிட, கரைந்தது எல்லாம் துளியின் விளிம்பில் வளையமாகப் படிகிறது. ராத்திரி முழுக்க ஈரம், காலையில் திடீர் வெயில் என்பதுதான் இங்கே பிரச்சினை. நாள் முழுக்கக் கொட்டும் ஐப்பசி மழையில் என் காரில் கறை குறைவு. மழை விட்டு விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களில்தான் பானெட் முழுக்க வட்டங்கள். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பார்கள். குளிராக இருக்கிறதே என்று நினைத்து பெயின்டை வெயிலில் விட்டுவிடக் கூடாது.

இதைவிட மோசமானது வீட்டுத் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் காரிலும் படிகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்புக்கு விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஆக, குடிக்கத் தகுந்த தண்ணீர் கூடக் காருக்கு உப்பாக இருக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான். ஆனால் அது உப்பெல்லாம் சேர்ந்து அடர்த்தியான தண்ணீர். வாசல் கழுவலாம், பெயின்டில் மட்டும் வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய இரண்டு கறைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, கான்கிரீட் போர்ட்டிகோ. தொடர் மழையில் தளம் ஊறிக் கசியும்போது சிமென்ட்டிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. காருக்கு மேலே கூரை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம், அந்தக் கூரையே ரூஃபில் சுண்ணாம்புக் கட்டியை உண்டாக்கும். விரல் நகத்தால் தொட்டால் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பாக இருக்கும். காரத்தன்மை உள்ளது என்பதால் வெயிலில் காயக் காய, பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட்டை அரிக்கும். காரை இரண்டு அடி தள்ளி நிறுத்தினாலே இது தீர்ந்துவிடுகிறது. இன்னொன்று, தேயிலைத் தோட்டத்து மருந்து. மழைக்காலத்தில் தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிப்பார்கள். தோட்டத்தை ஒட்டி நிறுத்தியிருந்தால் காற்றில் வந்து விழும் பொட்டுகள் காய்ந்து நீலப்பச்சையாகத் தெரியும். அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துக் கழுவ வேண்டும்.

கறை சிவப்பில் ஏன் இவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது? அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளைப் படலம் உட்காரும்போது ரோஸ் கலந்த திட்டாகத் தெரியும். பெயின்டே வெளுத்துவிட்டது என்று பயந்து மறுபெயின்ட் வரை போனவர்கள் உண்டு. அந்த இடத்தை நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் மறைந்து காய்ந்ததும் திரும்ப வருகிறதா, நகத்துக்கு மேடாகத் தட்டுப்படுகிறதா? அப்படியானால் கறை மேலேதான் இருக்கிறது. நன்றாகக் கழுவி வினிகர் போட்ட பிறகும் வளையத்தின் வடிவம் குழிவாகத் தெரிந்தால் கிளியர் கோட் அரிக்கப்பட்டிருக்கிறது.

மேலே படிந்த கறைக்கு நான் நம்புவது சமையல் வெள்ளை வினிகர். கடையில் கிடைப்பதில் அசிட்டிக் அமிலம் 4 சதவீத அளவில் இருக்கும். அதில் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் கலக்க வேண்டும், பேட்டரிக்கு ஊற்றுகிற அதே தண்ணீர். காரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, பானெட்டின் சூடு ஆறிய பிறகு, நனைத்த துணியைக் கறையின் மேல் போட்டு ஒரு நிமிடம் விடுகிறேன். அமிலம் உப்பைக் கரைக்கும்வரை தேய்க்கத் தேவையில்லை. துணியை எடுத்து லேசாக ஒரு தடவை துடைத்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும், வினிகர் அப்படியே காயக் கூடாது. முதல் முறை கண்ணுக்குப் படாத ஓரத்தில் போட்டுப் பாருங்கள். பெயின்ட் பெயர்ந்து தகரம் தெரியும் இடத்தில் வேண்டாம். வினிகர் போட்ட இடத்தில் வாக்ஸும் போய்விடும், திரும்பப் போட வேண்டும். சிலிக்கா கலந்த கறை வினிகருக்கு மசியாது, அதற்கு பாலிஷ்தான். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை யார் சொன்னாலும் தொடாதீர்கள். கறையோடு சேர்த்து எல்லாவற்றையும் தின்றுவிடும்.

அரித்த கறைக்கு பாலிஷ் மெஷின் வேண்டும், அதைத் தெரிந்த கையில்தான் கொடுக்க வேண்டும். கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன் கூட இல்லை. ஒவ்வொரு ரப்பிங்கும் அதில் கொஞ்சத்தைச் சாப்பிடுகிறது. எங்கள் பக்கத்து டிங்கரிங் பட்டறைக்காரர் வேலையை ஆரம்பிக்குமுன் வெள்ளைத் துணியில் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைத் தொட்டு கதவின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்ப்பார். துணி சிவந்தால் மேலே கிளியரே இல்லை, நேராகப் பெயின்டைத் தேய்க்கிறோம் என்று அர்த்தம். என் காரில் துணி வெள்ளையாகவே வந்தது. “வருஷா வருஷம் மெஷின் போடச் சொல்லி யாராச்சும் கேட்டா ஒத்துக்காதீங்க சார், கிளியர் போச்சுன்னா சிவப்பு நிக்காது” என்றார். நேர்மையான பேச்சு.

செராமிக் கோட்டிங் பற்றி. கோயம்புத்தூரில் ஒரு டீட்டெய்லிங் கடையில் போட்டேன். தண்ணீர்க் கறையே வராது என்று உறுதி சொன்னார்கள். பளபளப்பு அருமை, புழுதி சுலபமாகக் கழுவிப் போகிறது, அந்த வகையில் கொடுத்த பணம் வீணில்லை. கறை மட்டும் வந்தது. காரணம் எளிது. கோட்டிங் தண்ணீரை உருண்டையாகத் திரட்டும். ஓடும் காரில் உருண்டை வழிந்தோடும், நிற்கும் காரின் பானெட்டில் அது அப்படியே உட்கார்ந்து காயும். கறை கோட்டிங்கின் மேல் படிவதால் எடுப்பது சுலபம் என்பது வரைதான் லாபம். இதைச் சொல்லி விற்றிருந்தால் எனக்கு மனக்குறை இருந்திருக்காது. கோட்டிங் பலன் குறைந்த பிறகு இப்போது பேஸ்ட் வாக்ஸுக்கே திரும்பிவிட்டேன். கார்னோபா வாக்ஸ் சிவப்புக்குக் கொடுக்கும் ஆழம் எனக்குப் பிடித்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒன்று, முடிந்ததும் ஒன்று என்று போடுகிறேன்.

தடுப்பதற்கு நான் விடாமல் செய்வது இதுதான்: காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பானெட், ரூஃப், டிக்கி மூன்றையும் ஒரு துடைப்பு. ஈரம் நிறைய இருக்கும்போதுதான் துடைக்க வேண்டும், அந்த ஈரமே புழுதியைத் தூக்கிக்கொடுக்கும். தடித்த மைக்ரோஃபைபர் துண்டை மடித்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து, அழுக்கான மடிப்பைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். புழுதி கனமாக இருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். பழைய பனியன் துணி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டும் காருக்கு ஆகாது. கழுவும்போது கடைசி அலசலுக்கு மட்டும் ட்ரம்மில் பிடித்த மழைத்தண்ணீர். கூரை முதல் மழையில் கழுவிப் போன பிறகு பிடித்தால் டிடிஎஸ் மீட்டரில் மிகக் குறைவாகக் காட்டும். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் வெயிலில் நிறுத்திக் காய விடாமல் அங்கேயே துடைத்துத் தரச் சொல்லுங்கள். ஈரக் காரின் மேல் கவர் போடவே கூடாது. நம் ஊர் ஈரத்தில் அது நாள் கணக்கில் காயாது, துணி ஒட்டிய இடமெல்லாம் மங்கல் திட்டு விழும்.

கண்ணாடியிலும் இதே கறைதான், வினிகர் அங்கேயும் வேலை செய்யும். அதற்கும் போகாததற்கு சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் இருக்கிறது. அது கண்ணாடிக்கு மட்டும்தான், ஓரத்துப் பெயின்டில் படாமல் டேப் ஒட்டிக்கொண்டு செய்யுங்கள்.